தென்கடல் பூங்காவும் பாசி எடுக்கும் பெண்களும்

இந்த விவாதத்தைத் தொடங்கிய வாசகர் எழுதியது (கீழே தேதியோடு வருபவை என் பதில்கள்):

"2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காப்பிடமாக்க வேண்டும் என்று 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியாவில் நிலத்தில் காப்பிடங்கள் 5 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியதோடு நிற்கின்றன. இருப்பதையாவது ஒழுங்காகக் காக்கிறோமா? மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் இன்னமும் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கிறார்கள். ஆளை வெளியேற்றினால் இயற்கை தானே மீளும். இவர்களுக்கு மட்டும் ஏன் சலுகை?"

ஜனவரி 11, இரவு

இதை என் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "வனத்துறைக்காரக பாசிப் பையைப் பிடுங்கிட்டுப் போனாக. அதுக்குப் பேரு சலுகையா தாயி?" என்று கேட்டுவிட்டு முருங்கைக்கீரை உருவப் போய்விட்டாள்.

பெரியம்மா பாம்பன் பக்கத்துக்காரி. பன்னிரண்டு பதிமூன்று வயதில் அவளுடைய அம்மாவோடு தென்கடலில் (மன்னார் வளைகுடாவில்) பாசிக்கு இறங்கியவள். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, இடுப்பில் வலைப்பை. விடியுமுன் வல்லத்தில் போவார்கள், வெயில் ஏறித் திரும்புவார்கள். இப்போது முழங்கால் போய்விட்டது, வீட்டோடு இருக்கிறாள்.

இடம் தெரியாதவர்களுக்கு: ராமேசுவரம் தீவுக்குத் தெற்கே தொடங்கித் தூத்துக்குடி வரை கரையை ஒட்டி 21 தீவுகள். 1986இல் தேசியப் பூங்கா ஆனது. தீவுகளின் தரையை மட்டும் கூட்டினால் 6.23 சதுர கிலோமீட்டர். பல ஊராட்சிகள் அதைவிடப் பெரியவை. ஆனால் பூங்கா தண்ணீருக்குள்ளும் இறங்குகிறது. கரைப் பக்கம் மூன்றரை பாகம், ஆழிப் பக்கம் ஐந்து பாகம் ஆழம் வரை. அப்படிச் சேர்த்தால் 560 சதுர கிலோமீட்டர். இதையெல்லாம் உள்ளடக்கி 1989இல் 10,500 சதுர கிலோமீட்டரில் உயிர்க்கோளக் காப்பகம் அறிவித்தார்கள். பூங்கா அதன் மையப் பகுதி.

இந்த மூன்றரை பாகத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். பாகம் சுமார் ஆறு அடி. அப்படியானால் இருபது அடிக்குச் சற்று மேல். மரிக்கொழுந்து பாசி வளர்வது அந்த ஆழத்துக்குள். சிலிண்டர் இல்லாமல் மூச்சுப் பிடித்து ஒரு பெண் இறங்குவதும் அந்த ஆழத்துக்குள்தான். விசைப்படகு மடி (இழுவலை) இழுக்கிற இடம் பெரும்பாலும் அதற்கு வெளியே. வரைபடத்தில் கோடு போட்டவர் யாரையும் குறிவைத்துப் போட்டிருக்க மாட்டார், பவளப்பாறை இருக்கிற ஆழத்தைப் பார்த்துப் போட்டிருப்பார். ஆனாலும் கோடு போய் விழுந்தது, படகு வாங்க வசதியில்லாதவர்கள் பிழைக்கிற தண்ணீரில்.

ஜனவரி 12, காலை

"பாசி என்றால் குளத்தில் படருமே அதுவா?" என்று ஒருவர். இல்லை ஐயா. நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் ரோஸ் கலரில் வில்லை வில்லையாக வெட்டித் தட்டில் வைப்பார்களே, கடல்பாசி, அந்த அகர் அகர்தான். மரிக்கொழுந்து பாசியிலிருந்தும் கஞ்சிப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள். கட்டக்கோரை என்ற பாசியிலிருந்து அல்ஜினேட், துணிக்குச் சாயம் அச்சிடும் பசையிலிருந்து ஐஸ்கிரீம் வரை போகிறது. பெண்கள் காயவைத்து வியாபாரியிடம் போடுகிறார்கள், அவர் மதுரைப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார். இந்த விவாதத்தில் "பாசி எடுப்பதை நிறுத்து" என்று எழுதிய எல்லாரும் ஒரு தடவையாவது அதைத் தின்றிருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஜனவரி 13

பூங்காவே வேண்டாம் என்கிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஏன் இல்லை என்பதைக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் தாத்தா வீட்டுச் சுவர் முருகைக்கல். கடலோரத்தில் அந்தக் காலத்து வீடு எதைப் பார்த்தாலும் அதுதான்: வெள்ளையாக, ஓட்டை ஓட்டையாக, வெட்ட எளிதாக, வெயிலுக்குக் குளுமையாக இருக்கும். அந்தக் கல் பவளப்பாறை. வீடு கட்டியது போக, காளவாசலில் போட்டுச் சுட்டால் முதல்தரச் சுண்ணாம்பு. தூத்துக்குடிப் பக்கம் தொழிற்சாலைகளும் கேட்டன. வல்லம் வல்லமாகக் கடப்பாரை போட்டுப் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். பல பத்தாண்டுகள் நடந்தது.

பார் (கடலடிப் பவளப்பாறை) போனால் என்ன? பார் இருந்தால் அலை அதன்மேல் உடைந்து, தீவுக்கு வரும்போது சாது ஆகிவிடும். பார் போனால் அதே அலை நேரே மணலில் அடிக்கும். தீவுகளே பவளத்தூளும் மணலும் குவிந்தவைதான். கீழக்கரைத் தொகுதியில் பூவரசன்பட்டி, தூத்துக்குடித் தொகுதியில் விலங்குசல்லி, இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. 21 தீவு என்று எல்லாரும் எழுதுகிறோம், தண்ணீருக்கு மேலே தெரிவது 19. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. 1986இல் ஏறத்தாழ 16 ஹெக்டேர் இருந்தது, முப்பது ஆண்டுக்குள் இரண்டு ஹெக்டேர் அளவுக்கு வந்துவிட்டது. பிறகு 2015 வாக்கில் கான்கிரீட்டில் ஓட்டைபோட்ட செயற்கைப் பார்களை வரிசையாக இறக்கி அலையை மட்டுப்படுத்தினார்கள். அதில் மீனும் ஒதுங்குகிறது, பவளமும் ஒட்டி வளர்கிறது. பக்கத்தில் காரைச்சல்லித் தீவுக்கும் இப்போது அதே வைத்தியம்.

கிளைவிடும் மான்கொம்புப் பவளம் ஆண்டுக்குச் சில அங்குலம் வளரலாம். உருண்டைப் பாறை மாதிரி வளர்கிற வகை ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. தாத்தா வீட்டுச் சுவரில் ஒரு கல் அரை அடி இருக்கும். ஊரும் தொழிலும் சேர்ந்து இந்தக் கல்லுக்கு அலைந்தபோது, சட்டம் இல்லாமல் வேறு எதுவும் நிறுத்தியிருக்காது. ஊர்க்கட்டுப்பாடு, மாற்றுத்தொழில், விழிப்புணர்வு எல்லாம் அந்தப் பணத்துக்கு முன்னால் நிற்காது. ஆகவே பூங்கா வேண்டும்.

ஜனவரி 13, பின்னிரவு

கீழே ஒருவர் சரியான இடத்தில் பிடித்தார்: "1986இல் பூங்கா, ஆனால் கல் எடுப்பது அதற்குப் பிறகும் நடந்ததே?"

நடந்தது. 1986இலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட இருபது ஆண்டு. 2001இல் பவளங்களை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். அதாவது புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. 2005 வாக்கில்தான் கல் எடுப்பது ஓய்ந்தது. இடையில் சுனாமி வந்தது, பார் இருந்த கரைக்கும் இல்லாத கரைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி ஊரில் பேச்சும் வந்தது. உயிர்க்கோள அறக்கட்டளை வழியாகச் சுயஉதவிக் கடன், படகில் ரோந்து, பிடிபட்டால் வழக்கு என்று எல்லாம் சேர்ந்தே நிறுத்தின.

ஆக, வரைபடத்தில் போட்ட கோடு தனியாக எதையும் நிறுத்தவில்லை. எந்தப் பொருளை எடுக்கக் கூடாது என்று பேர் சொல்லித் தடுத்ததும், வாங்குகிறவன் வாங்கப் பயந்ததும்தான் நிறுத்தின. எனக்கு இதில் பிடித்த பகுதி வாங்குகிறவன் பயந்தது. இறங்கி எடுக்கிறவனை எத்தனை பேரைத்தான் பிடிப்பது?

ஜனவரி 15

ஒரு வேடிக்கை. நான் விலங்கியல் படித்தவள். விலங்கியல் படித்த எவரும் குருசடைத் தீவை (அந்த 21இல் ஒன்று) தப்ப முடியாது. பாலனோகுளோசஸ் கிடைக்கும் இடம் என்று பாடப்புத்தகத்திலேயே வரும். முதுகெலும்பிகளுக்கும் மற்றவற்றுக்கும் நடுவில் நிற்கிற புழு. உயிரியலாளரின் சொர்க்கம் என்று அந்தத் தீவுக்குப் பட்டமே உண்டு.

எங்கள் வகுப்பும் போனது. ஆளுக்கொரு ஃபார்மலின் பாட்டில். நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, ஒடிந்த பவளக் கிளை, பெயர் தெரியாத சிப்பி, எல்லாவற்றையும் அள்ளிப் பாட்டிலில் போட்டோம். ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து மார்க் வாங்கினோம். அந்தக் காலத்தில் பல கல்லூரிகளும் இப்படித்தான் வந்து போயின. அதைக் கொள்ளை என்று யாரும் சொன்னதில்லை, அதற்குப் பெயர் கல்விச் சுற்றுலா.

திரும்பி வந்து பெரியம்மாவிடம் பாட்டிலைக் காட்டினேன். "இதத் திங்கவும் மாட்டீக, விக்கவும் மாட்டீக, எதுக்குப் பிடிச்சீக?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது கேட்டாலும் "மார்க்குக்கு" என்பதுதான் பதில்.

ஜனவரி 16

"பாசி எடுக்கும்போது பவளம் மிதிபட்டு ஒடிகிறதா, இல்லையா? நேரடியாகப் பதில் சொல்லவும்."

ஒடிகிறது. செத்த பவளத்தின் மேல்தான் பாசி அதிகம் பிடிக்கும் என்றாலும், பக்கத்திலேயே உயிருள்ளதும் இருக்கும். தகடு கட்டிய காலை ஊன்றினால் ஒடியும். சுரண்டி எடுத்தால் இன்னும் மோசம். நுனியைக் கிள்ளுகிறவர்களும் உண்டு, அடியோடு பிடுங்குகிறவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கான பெண்கள் இறங்குகிற கடலில் எல்லாரும் பெரியம்மா மாதிரி நுனி கிள்ளுகிறவர்கள் ஆகிவிட மாட்டார்கள்.

ஆனால் அவர்களுக்குள்ளேயே கணக்கு வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாம்பனை ஒட்டிய சின்னப்பாலத்துப் பெண்கள் மாதத்தில் 12 நாள் மட்டும் இறங்குவது என்று வைத்துக்கொண்டார்கள்: அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் வரும்போது இவர்களும் கரையில் இருப்பது என்றும் வைத்துக்கொண்டார்கள். அந்த ஊர் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற அமெரிக்க அமைப்பு விருது கொடுத்தது, தீவுகளைக் காப்பவர்களுக்குக் கொடுக்கும் விருது. அதாவது, கடல் தாண்டி அவரைக் காவலர் என்கிறார்கள், இங்கே கரையில் அவர் அத்துமீறி நுழைந்தவர். இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும்.

ஜனவரி 16, கொஞ்சம் கழித்து

மேலே கடைசி வரியைத் திரும்ப வாசித்தேன். வேகத்தில் எழுதியது, ஆனாலும் அப்படியே இருக்கட்டும். சட்டப்படி இரண்டுமே சரியாக இருக்கலாம் என்று ஒரு வழக்கறிஞர் நண்பர் சொல்கிறார். தேசியப் பூங்கா என்றால் சரணாலயத்தைவிடக் கறார். சரணாலயத்தில் சில உரிமைகளை விட்டுவைக்க வழி உண்டு, பூங்காவில் ஆடு மாடு மேய்க்கக்கூட அனுமதி கிடையாது. 1872இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் தொடங்கி, 1936இல் இங்கே ஹெய்லி பூங்கா (இன்றைய கார்பெட்) வழியாக வந்த கருத்து அது: மனிதன் பார்க்க வரலாம், இருக்கக் கூடாது. காட்டில் 2006 வன உரிமைச் சட்டம் வந்த பிறகு பழங்குடிகள் வாதாட ஒரு பிடி கிடைத்தது. கடலில் அந்தப் பிடி கிடைப்பது கஷ்டம். கடல் மேல் பட்டா யாருக்கும் இருந்ததில்லை.

ஜனவரி 19

வெளிப்பாசியைப் பற்றி யாருமே எழுதவில்லை, ஆச்சரியம்.

கப்பாஃபைகஸ் என்று ஒரு பாசி. நம் கடலுக்குரியது இல்லை. மண்டபத்தில் இருக்கும் ஆய்வு நிலையத்தில் வளர்த்துப் பார்த்து, 2000க்குப் பிறகு பெப்சி நிறுவனத்தின் ஒப்பந்தத்தோடு மூங்கில் மிதவையில் வணிகப் பயிராக வந்தது. ஊரில் அதற்குப் பேரே பெப்சிப் பாசி. காரஜீனன் எடுக்கிறார்கள், பற்பசைக்கும் பால் பண்டங்களுக்கும். நாற்பத்தைந்து நாளில் அறுவடை, பெண்கள் கையில் மாதா மாதம் காசு. பல குடும்பங்கள் நிமிர்ந்தது உண்மை, எங்கள் தெருவிலேயே உண்டு.

2005இல் அரசு ஒரு எல்லை போட்டது. பாக் விரிகுடாவுக்கு வடக்கேயும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் வளர்க்கலாம், நடுவில் பூங்கா இருக்கும் பக்கம் கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒடிந்த சிறு துண்டுகூட ஒட்டிக்கொண்டு வளரும் பாசி அது. வடகடலும் (பாக் விரிகுடா) தென்கடலும் பாம்பனில் கலக்கின்றன. 2008இல் குருசடையில் உயிருள்ள மான்கொம்புப் பவளத்தின் மேல் போர்த்திக்கொண்டு வளர்வதைக் கண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள். மூடினால் பவளத்துக்கு வெளிச்சம் இல்லை, செத்துவிடும். ஹவாய் தீவுகளில் ஏற்கெனவே இதே கதை நடந்திருக்கிறது. பிறகு ஆள்விட்டுக் கையால் பிடுங்கினார்கள், துண்டு மிஞ்சினால் மறுபடி வந்தது.

பூங்கா எல்லைக்குள் நுழைய ஆகக் குறைந்த உரிமை உள்ள செடி அதுதான். அதன் பையை யாரும் பிடுங்கவில்லை.

இப்போது ராமநாதபுரம் வலமாவூரில் 127 கோடி ரூபாயில் கடற்பாசிப் பூங்கா (இது வேறு பூங்கா, வளர்ப்புக்கு) வருகிறது. 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். நம் கடலுக்குரிய இனங்களையே வளர்க்கும் தொழில்நுட்பம் அங்கே வந்தால் பெரியம்மா பேத்திகளுக்குத் தீவுப் பக்கம் போகிற அவசியமே இருக்காது. வந்தால்.

ஜனவரி 20

"பெப்சிப் பாசியில் பெண்கள் முன்னேறினார்கள் என்றும் சொல்கிறீர்கள், பவளத்தைக் கொன்றது என்றும் சொல்கிறீர்கள். எந்தக் கட்சி?"

இரண்டும் நடந்தது. கட்சி எதுவும் இல்லை.

ஜனவரி 22

வேடந்தாங்கல், வேட்டங்குடி பறவைச் சரணாலயங்களை எடுத்துப்போட்டு "மக்களே காப்பார்கள்" என்று எழுதியவருக்கு. எனக்கும் அவை பிடிக்கும். 1798லேயே வேடந்தாங்கல் ஊரார் பறவைகளைச் சுடக் கூடாது என்று கலெக்டரிடம் எழுதி வாங்கினார்கள். வேட்டங்குடிப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி கிடையாது. ஆனால் கொக்கும் நாரையும் எச்சம் போட்டால் வயலுக்கு உரம், கண்மாய் அவர்கள் கண்மாய். பயன் யாருக்கு, காவல் யாருக்கு என்பது ஒரே ஊருக்குள் முடிந்துவிடுகிறது. கடலில் பாம்பன்காரர் காத்த மீனைத் தூத்துக்குடிக்காரர் பிடிப்பார், இருவரும் விட்டதை இன்னொருவர். கண்மாய்க் கணக்கைத் தென்கடலுக்கு அப்படியே தூக்கிவர முடியாது. நான் மக்கள் பக்கம்தான், ஆனால் இந்த வாதத்தை என் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

ஜனவரி 25

விசைப்படகு பற்றிப் பேசாமல் ஓடுகிறேன் என்று குற்றச்சாட்டு. மாமா மகன் விசைப்படகில் போகிறவன், அதனால் எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது. எழுதுகிறேன்.

1983ஆம் ஆண்டுச் சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது. இரட்டை மடி (இரண்டு படகு சேர்ந்து இழுப்பது) கூடாது. வடகடலில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை உண்டு. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். விதிக்குப் பஞ்சம் இல்லை. இரவில் விளக்கை அணைத்துக்கொண்டு கரைப்பக்கம் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகிற படகும் உண்டு. ரோலர் மடி (அடியில் உருளை கட்டிய இழுவலை) பாரைத் தட்டிக்கொண்டு போனால் நூறு பெண்கள் ஆண்டெல்லாம் மிதித்து ஒடிப்பது ஒரு ராத்திரியில் ஒடியும். இது என் ஊகம் என்று எடுத்துக்கொண்டாலும் சரி. மடியில் ஏறி வருகிற பவளத்துண்டை நான் ஏலக்கூடத்தில் பார்த்திருக்கிறேன்.

பிடிபடுவது யார் என்று பாருங்கள். மெதுவாகப் போகிறவர், பகலில் போகிறவர், ஓட முடியாதவர். மூன்றும் பாசிக்குப் போகிற பெண்களுக்குப் பொருந்தும்.

அதோடு, 2005இல் சேதுசமுத்திரக் கால்வாய்க்குத் தோண்டும் கப்பல்களே வந்தன. உயிர்க்கோளக் காப்பகத்துக்குள் கடலடியைத் தோண்டும் திட்டம் அது. 2007இல் உச்ச நீதிமன்றம் ராமர் பாலப் பகுதியில் தோண்டுவதை நிறுத்திவைத்தது. நிறுத்தியதற்கு எழுந்த சத்தத்தில் பவளத்தின் பேர் அடிபட்டது குறைவு.

ஜனவரி 26

மாமா மகன் வாசித்துவிட்டான். "ரோலர் மடிய நாங்க தொட்டே பல வருசமாச்சு அக்கா, நீ எந்தக் காலத்துல இருக்க?" என்கிறான். அவன் படகைப் பொறுத்தவரை பதிவு செய்துகொள்கிறேன்.

ஜனவரி 29

மன்னாரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு நன்றி, இந்த வளைகுடாவின் பேரே அவர் ஊர்ப் பேர். அக்கரையில் இலங்கை அரசு 2015இல் ஆதாமின் பாலத்தை (நாம் ராமர் பாலம் என்பது) தேசியப் பூங்கா ஆக்கியது, 2016இல் விடத்தல்தீவை இயற்கை ஒதுக்கமாக அறிவித்தது. 2024இல் அந்த ஒதுக்கத்தில் ஒரு பகுதியை நீர்வேளாண்மைக்காகக் கழற்றிவிடப் பார்த்தார்கள், வழக்கும் போனது. ஒரே பார், ஒரே கடற்புல் வெளி, நடுவில் சர்வதேச எல்லை. அறிவிப்பது ஒரு கையெழுத்து, கழற்றுவதும் ஒரு கையெழுத்து என்று அவர் எழுதியதை அப்படியே ஏற்கிறேன்.

அவர் கேட்டது கடல் அட்டை (ஆங்கிலத்தில் சீ குக்கும்பர்) பற்றி. அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

பிப்ரவரி 1

கடல் அட்டை. இந்த விவாதத்தில் எனக்கு உண்மையிலேயே மனம் ஊசலாடுகிற விஷயம் இதுதான்.

2001இல் பவளத்தோடு சேர்த்து எல்லாக் கடல் அட்டைகளையும் கடல்குதிரைகளையும் அட்டவணையில் போட்டார்கள். ஒரு நாள் தொழில், மறுநாள் குற்றம். அட்டை குளித்தவர்களுக்கு, அதாவது மூழ்கி எடுத்தவர்களுக்கு, மாற்று என்று உருப்படியாக எதுவும் அமையவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் உரிமம் வாங்கிப் பிடிக்கலாம், பண்ணை போட்டு வளர்க்கலாம். இந்தப் பக்கம் தொட்டால் சிறை. விளைவு எல்லாருக்கும் தெரியும்: மண்டபம் கரையில் மூட்டை மூட்டையாகப் பதப்படுத்திய அட்டை பிடிபட்டது என்று செய்தித்தாளில் வராத மாதம் அபூர்வம். கடத்தலில் லாபம் பண்ணுகிறவர் குளிக்கிறவர் இல்லை.

அட்டை கடலடி மணலைத் தின்று, அதில் உள்ள கழிவைச் செரித்துச் சுத்தமாகக் கழிக்கிற உயிர். அது குறைந்தால் கடற்புல்வெளி கெடும் என்பதெல்லாம் சரி. தடை போடாமல் விட்டிருந்தால் மிஞ்சியிருக்குமா என்றால், மிஞ்சியிருக்காது என்றே நினைக்கிறேன். சீனச் சந்தை விலை அப்படி.

ஆனால் இதே கடலில் வேறு ஒரு பழக்கம் இருந்திருக்கிறது. முத்துக்குளிப்பு. எந்தப் பாரில் சிப்பி முற்றியிருக்கிறது என்று ஆள் இறக்கிப் பார்த்து, முற்றவில்லை என்றால் அந்த ஆண்டு குளிப்பே கிடையாது. பல ஆண்டு தொடர்ந்து மூடியே கிடந்ததும் உண்டு. 1961க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. சங்குக்கும் அளவு உண்டு, வளையத்துக்குள் நுழைந்துவிடுகிற சின்னச் சங்கைத் திரும்பக் கடலில் விட வேண்டும். மூடுவதும் திறப்பதும் அளவு பார்ப்பதும் இந்தக் கரைக்குப் புதிது இல்லை. அட்டைக்கு மட்டும் ஏன் முழுப் பூட்டு?

ஒரு பதில் இருக்கிறது. முத்துக்குளிப்பை நடத்தியது அரசு, நேரடி லாபம் அரசுக்கு. அதனால் ஆள்போட்டுப் பார்த்தார்கள். அட்டையை எண்ணி, அளந்து, திறந்து மூட யார் சம்பளம் கொடுப்பது? முழுத்தடை மலிவு. மலிவான காவலுக்கு ஆகிற செலவைக் குளிக்கிறவர் கட்டுகிறார்.

பிப்ரவரி 2

"சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், அட்டைத் தடையை எடுக்கலாமா?"

இன்றைக்கு வேண்டாம். முதலில் எண்ணட்டும். மூன்று நாலு பார்களில், ஊர்க்காரர்களையே வைத்து எண்ணட்டும். வளர்ப்புக்காவது வழிவிடட்டும்.

பிப்ரவரி 6

வெயில் பற்றி ஒருவர் கேட்டது சரியான நேரத்தில் வந்திருக்கிறது, ஏப்ரல் வந்தால் மறுபடி பயம். கடல்நீர் 30, 31 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெளியேறிவிடும். நிறம் போய் வெள்ளையாக நிற்கும். பசியில் கிடக்கும், சூடு இறங்கினால் சில மீளும், சில சாகும். 2010இலும் 2016இலும் இங்கே பெரிதாக நடந்தது. இதற்கு எந்த எல்லைக்கோடும் எந்த ரோந்துப் படகும் உதவாது. ஒன்று மட்டும் சொல்லலாம்: மடியும் மிதியும் கழிவும் இல்லாத பார் மீள்வதற்குக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு. அந்த அளவுக்குப் பூங்கா உதவும்.

பிப்ரவரி 9

ஆவுளியாவை மறந்துவிட்டோமே என்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல். மறக்கவில்லை. கடற்பசு என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள், எங்கள் வீட்டில் ஆவுளியாதான். பெரியம்மா சின்ன வயதில் அந்தக் கறி தின்றிருக்கிறாள். "எருமைக்கறி மாதிரி இருக்கும், பாவம்" என்பாள். ஒரே மூச்சில் இரண்டும்.

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைக்கு எதிரே 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தார்கள், நாட்டிலேயே முதல். கவனிக்க வேண்டியது அதன் சட்ட வகை. அது தேசியப் பூங்கா இல்லை, சரணாலயமும் இல்லை; வனவிலங்குச் சட்டத்தின் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த பாதுகாப்பு ஒதுக்கம். ஊராரோடு பேசித்தான் அறிவிக்க முடியும், யாருடைய தொழிலையும் அதுவாகப் பறிக்காது. வலையில் ஆவுளியா மாட்டினால் வலையை அறுத்து விடுகிற மீனவருக்குப் பரிசும் பாராட்டும். விடுகிறார்கள், வீடியோவும் எடுத்துப் போடுகிறார்கள். சாப்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகள்.

இதை வைத்துப் பூங்காவைக் கலைத்துவிட்டு ஒதுக்கம் ஆக்கு என்று சொல்லவில்லை. ஆவுளியா காப்பகத்தில் மடி இழுப்பதைத் தடுக்கிற பலம் போதுமா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கல் எடுக்கிறவனுக்கு முன்னால் அந்தச் சட்டம் நின்றிருக்காது.

பிப்ரவரி 10

தொடக்கப் பதிவு எழுதியவரே திரும்ப வந்திருக்கிறார்: "சரி, ஒரே பத்தியில் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்."

கல், பவளம், தோண்டுதல், மடி: முழுத்தடை, பெரியம்மா வந்து கெஞ்சினாலும். பாசி: ஆளுக்கு அடையாள அட்டை, மாதத்தில் இத்தனை நாள், சுரண்டும் கருவி கூடாது, ஒரு பார் மாற்றி ஒரு பார் ஓய்வு. அந்த ஓய்வுப் பட்டியலை இறங்குகிற பெண்கள் எழுதட்டும், விஞ்ஞானிகள் சரிபார்க்கட்டும். வெளிப்பாசி தென்பட்டால் பிடுங்க அவர்களுக்கே கூலி கொடுங்கள். அவர்களைவிடக் கடலடியை அடிக்கடி பார்க்கிறவர் யாரும் இல்லை. 30 சதவீதக் கணக்குக்கு இது சேராது என்றால் கணக்கை மாற்றுங்கள். வரைபடத்தில் பச்சை அடிப்பது எளிது.

ஒரே பத்திதான், கொஞ்சம் நீண்டுவிட்டது.

பிப்ரவரி 12

இல்லை, அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு விதிவிலக்கு கொடுத்தால் பத்து வரும்" என்கிறார். வரும்தான். அதைச் சமாளிக்கத்தான் நிர்வாகம் என்று ஒன்று வைத்திருக்கிறோம். இதில் இருவரும் நகரப்போவதில்லை, விடுகிறேன்.

பிப்ரவரி 14

குருசடைக்கு எப்படிப் போவது என்று கேட்ட மாணவிக்கு: பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து வனத்துறையின் சூழல் சுற்றுலாப் படகு உண்டு, கட்டணம் கட்டிச் சீட்டு வாங்கிப் போகலாம். காற்று பலமாக இருந்தால் விட மாட்டார்கள், அதனால் போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பாட்டில் எடுத்துப்போகாதீர்கள், கரையில் கிடக்கிற சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது. வழியில் வல்லத்தில் பெண்கள் தென்பட்டால் பாசி பற்றிக் கேளுங்கள், படிப்புக்கு உதவும். போட்டோ மட்டும் கேட்காமல் எடுக்க வேண்டாம், அது யார் கைக்குப் போகும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு.